பாயிண்ட் பிளாங்க்: இரண்டாவது தடவை மாட்டிக்கொள்ளும் பையன்

முதல் பாகம் ஹிட் ஆனால் இரண்டாம் பாகம் சொதப்பும் என்பது சினிமாவுக்கு மட்டுமல்ல, புத்தகங்களுக்கும் பொருந்துகிற எழுதாத சட்டம். அதை மீறிய நாவல்களில் ஒன்று ஆண்டனி ஹோரோவிட்ஸின் 'பாயிண்ட் பிளாங்க்'. 2000-ல் வந்த 'ஸ்டார்ம்பிரேக்கர்' கதையின் தொடர்ச்சியாக 2001-ல் வெளியானது. "அதெல்லாம் ஸ்கூல் பசங்க சமாச்சாரம்" என்று ஒதுக்குகிறவர்களும் ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாம், ஒரே ராத்திரியில் முடிந்துவிடும். (முடிவு தெரியக்கூடாது என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.)

முதல் கதை தெரியாதவர்களுக்கு: அலெக்ஸ் ரைடர் லண்டனில் படிக்கும் 14 வயதுப் பையன். பெற்றோர் இல்லை. அவனை வளர்த்த இயான் ரைடர் பேங்க்கில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், உண்மையில் எம்.ஐ.6 உளவாளி. அவர் கொல்லப்பட்டதும் எம்.ஐ.6 தலைவர் ஆலன் பிளண்ட், செத்தவர் விட்ட வேலையைப் பையன் தலையில் கட்டப் பார்க்கிறார். அவன் முடியாது என்கிறான். அப்படியானால் உன்னைப் பார்த்துக்கொள்ளும் ஜாக் அமெரிக்காவுக்குத் திரும்ப வேண்டியதுதான், நீ விடுதிக்குப் போக வேண்டியதுதான் என்று மிரட்டல் வருகிறது. வேறு வழியில்லாமல் போகிறான்.

இதில் விறுவிறுப்புக்குக் குறைவில்லை. ஆனால் அலெக்ஸுக்கு எல்லாமே புதுசு என்பதால் பாதிக் கதை அவனுக்குப் பாடம் எடுப்பதிலேயே போய்விடுகிறது. இரண்டாவது நாவலில் அந்தத் தொல்லை இல்லை. எடுத்த எடுப்பிலேயே நியூயார்க்கில் ஒரு கோடீஸ்வரர் லிஃப்டுக்குள் கால் வைக்கிறார். அங்கே லிஃப்ட் இல்லை, வெறும் பள்ளம். அவர் பார்த்தது ஒளியால் உண்டாக்கிய பிம்பம். சில பக்கங்களில் ஓர் ஆள் காலி! அடுத்து கருங்கடலில் ஒரு ரஷ்ய ஜெனரல். இருவருக்கும் பொதுவான ஒரே விஷயம், இருவரின் மகன்களும் ஆல்ப்ஸ் மலையில் ஒரே பள்ளியில் படிக்கிறார்கள். அடங்காத பணக்காரப் பிள்ளைகளை அடக்கி ஒடுக்கி அனுப்பும் பள்ளி அது.

அங்கே அலெக்ஸ் ஒரு சூப்பர் மார்க்கெட் முதலாளியின் மகனாக நடித்து நுழைகிறான். பள்ளியில் சத்தமில்லை, பிள்ளைகள் எல்லோரும் அநியாயத்துக்கு நல்லவர்கள். பயமே அதுதான். துப்பாக்கிச் சண்டையை விட, நேற்றுவரை கூட உட்கார்ந்து கேலி பேசிய ஒருவன் இன்று காலை ஒழுங்கான பிள்ளையாக மாறி நிற்பது அதிகம் உறைக்கிறது. காரணம் பிறகு தெரிகிறது. நடத்துபவர் டாக்டர் கிரீஃப், வெள்ளையர் ஆட்சி போய்விட்டதே என்று புழுங்கும் தென்னாப்பிரிக்கர். தன்னையே குளோனிங் செய்து 16 பிள்ளைகளை உண்டாக்கி, அறுவை சிகிச்சையால் ஒவ்வொருவனையும் ஒரு பணக்காரப் பையனின் சாயலுக்கு மாற்றி, அசல் பையனுக்குப் பதிலாக வீட்டுக்கு அனுப்புகிறார். அப்பாக்கள் செத்தால் சொத்து முழுக்க இவர்கள் கைக்கு வந்துவிடும். டாலி ஆடு பிறந்தது 1996-ல். இந்தக் குளோன்களோ 14 வயதுப் பையன்கள், அந்த ஆட்டுக்கு முன்பே பிறந்தவர்கள்! அறிவியல் மாணவர்கள் சிரிக்கலாம். படிக்கும்போது சிரிப்பு வராது.

குறைகளும் உண்டு. டாக்டரின் உதவியாளராக வரும் ஸ்டெல்லன்போஷ் அம்மாளைப் பற்றி எழுதும்போதெல்லாம் அவர் உருவத்தைக் கிண்டல் செய்வது மலிவான வேலை. ரம்பமாக மாறும் டிஸ்க்மேன் மாதிரியான கருவிகள் இன்று அருங்காட்சியகப் பொருள்கள். ஆனால் இஸ்திரி போடும் பலகையை அறுத்துச் செய்த பனிச்சறுக்குப் பலகையில் அவன் மலையிலிருந்து இறங்கித் தப்பிக்கும் அத்தியாயம் ஒன்றே போதும், எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம்.

இந்தத் தொடர்ச்சியின் உண்மையான கனம் அந்தச் சாகசத்தில் இல்லை, அவனை அனுப்பும் விதத்தில் இருக்கிறது. முதல் தடவை ஒரு பையன் மிரட்டலுக்குப் பணிவது விபத்து என்று விட்டுவிடலாம். இரண்டாவது தடவை அவனுக்கு எல்லாம் தெரியும். பிளண்ட் என்ன மாதிரி ஆள் என்று தெரியும். அடி எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். வீட்டுப்பாடம் எத்தனை நாள் பாக்கி விழும் என்றுகூடத் தெரியும். பள்ளி மாணவர்களுக்குப் போதைமருந்து விற்றவர்களின் படகை அவன் கிரேனால் தூக்கி, அது ஒரு மாநாட்டுக் கட்டிடத்தின் மேல் விழுந்து தொலைக்கிறது. போலீஸிடமிருந்து காப்பாற்றுகிறேன் என்று வரும் பிளண்டின் கையில் அடுத்த வேலை தயாராக இருக்கிறது. உதவி மாதிரி வரும் கட்டளை.

சங்கடம் என்னவென்றால், வாசகரும் இங்கே பிளண்டின் கட்சிதான். அலெக்ஸ் மறுத்துவிட்டுக் கால்பந்து ஆடப் போயிருந்தால் புத்தகமே இல்லை. அவன் போக வேண்டும், மாட்ட வேண்டும், அடிபட வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் எல்லோரும் இரண்டாம் பாகத்தை வாங்குகிறார்கள். முதல் பாகத்தில் அவனுக்காகப் பரிதாபப்பட்ட அதே ஆட்கள்! ஹோரோவிட்ஸ் இதை எங்கேயும் சுட்டிக்காட்டிப் பிரசங்கம் செய்வதில்லை, கதையை ஓட்டிக்கொண்டே போகிறார்.

2006-ல் வந்த 'ஸ்டார்ம்பிரேக்கர்' படம் எடுபடவில்லை, அடுத்த படம் வரவே இல்லை. 2020-ல் தொலைக்காட்சித் தொடராக எடுத்தபோது முதல் சீசனுக்கு அவர்கள் தேர்ந்தெடுத்தது இரண்டாவது நாவலை. தப்பில்லாத தேர்வு.

கடைசிக் காட்சியில் அலெக்ஸ் தன் சொந்தப் பள்ளியில், தன் முகத்தோடு நிற்கும் இன்னொருவனைச் சந்திக்கிறான். கட்டிடம் எரிகிறது. கூரையிலிருந்து ஒருவன் தீக்குள் விழுகிறான், மற்றவன் மேலே நிற்கிறான். நிற்பவன் யார் என்று பெயர் சொல்லாமலே ஹோரோவிட்ஸ் புத்தகத்தை மூடிவிடுகிறார். அடுத்த நாவல் 2002-ல்தான் வந்தது. அதுவரை காத்திருந்த பிள்ளைகளின் நிலைமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.