முதலில் ஸ்கேனர், அப்புறம் லென்ஸ், கேமரா கடைசியில்!

"எந்த கேமரா வாங்கலாம் சார்?"

வங்கியில் லோன் கேட்டு வருகிறவர்களைவிட இதைக் கேட்டு வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். ஒரேயடியாக எழுதிப் போட்டுவிடலாம் என்றுதான் இந்தப் பதிவு. படித்தது பி.காம்., அதனால் கலைக்கண் எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். கணக்குதான் வரும் :-)

வருமான வரிக்குத் தேய்மானம் போடும்போது கம்ப்யூட்டருக்கு 40 சதவீதம், சாதாரண இயந்திரத்துக்கு 15 சதவீதம். சட்டம் எப்படிப் பார்த்தாலும், நடைமுறையில் டிஜிட்டல் கேமரா பாடி ஒரு கம்ப்யூட்டர்தான். 2004ல் நிக்கான் டி70 வந்தபோது 6 மெகாபிக்சலுக்கு வாயைப் பிளந்தோம். இன்று அதைச் சீந்த ஆளில்லை.

லென்ஸ் அப்படியில்லை. நிக்கானின் எஃப் மவுண்ட் 1959ல் வந்தது. 1977க்குப் பிறகு வந்த ஏஐ வகை 50 எம்எம் லென்ஸை அவர்களுடைய டிஜிட்டல் எஸ்எல்ஆரில் இன்றும் மாட்டலாம். ஃபோகஸ் கையால் செய்ய வேண்டும், விலை குறைந்த பாடிகளில் மீட்டர் வேலை செய்யாது, அவ்வளவுதான். பழைய லென்ஸ் வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள். ஆக, பத்து ரூபாய் இருந்தால் பாடிக்கு நான்கு, லென்ஸுக்கு ஆறு.

ஃபிலிமில் எடுக்கலாமா? ஆசைக்கு எடுக்கலாம். ஊட்டியில் நமக்கே ஒரு ஃபிலிம் தொழிற்சாலை இருந்தது. இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 1960ல் தொடங்கி 1967ல் உற்பத்திக்கு வந்தது. 'இந்து' ஃபிலிம் ஞாபகம் இருக்கிறதா? அது நொடித்துப்போய் மூடியாகிவிட்டது. இன்று கலர் ரோல், கழுவுகூலி, ஸ்கேன் எல்லாம் சேர்ந்தால் 36 படத்துக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது.

ஆனால் என் கட்சி வேறு. புது கேமராவுக்கு முன்னால் வாங்க வேண்டியது ஸ்கேனர்.

நான் இருக்கும் மர்பி டவுனிலும் பக்கத்து அல்சூரிலும் தலைமுறைகளாகத் தமிழ்க் குடும்பங்கள். கோலார் தங்கவயலோடு உறவு வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். அந்தச் சுரங்கம் 2001ல் மூடப்பட்டது. இனி அந்த வாழ்க்கையை யாரும் படமெடுக்க முடியாது. எடுத்ததெல்லாம் பீரோவுக்கு மேலே பிஸ்கட் டப்பாவில் நெகடிவாகக் கிடக்கிறது. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை வந்தால் ஃபிலிமின் அசிடேட் சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதை நிறுத்த முடியாது, குளிர்ச்சியான, ஈரமில்லாத இடத்தில் வைத்துத் தாமதப்படுத்தலாம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பழைய தமிழ் ஸ்டூடியோ படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டலாக்கியதும் இந்த அவசரத்தால்தான். நம் வீட்டுப் படத்துக்கு எந்த நிறுவனம் வரும்?

சரி, எதைப் பார்த்து வாங்குவது?

சாதாரண ஆபீஸ் ஸ்கேனர் நெகடிவுக்கு உதவாது. மூடியிலும் விளக்குள்ள, ஃபிலிமுக்கான மாடல் வேண்டும். பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள், உண்மையில் கிடைக்கும் நுணுக்கம் அதில் பாதிகூட வராது. 35 எம்எம் நெகடிவை நிஜமான 2400 டிபிஐயில் எடுத்தாலே ஏறக்குறைய 7.7 மெகாபிக்சல். சுவரில் மாட்டும் 8க்கு 10 பிரிண்டுக்கு அது போதும்.

தூசியைத் தானாக நீக்கும் 'டிஜிட்டல் ஐஸ்' வசதி கலர் நெகடிவுக்கு அருமை. கருப்பு வெள்ளைக்கு அணைத்துவிடுங்கள். அது அகச்சிவப்பு ஒளியில் வேலை செய்வது. படத்தில் உள்ள வெள்ளி அந்த ஒளியை மறைப்பதால், தாத்தாவின் மீசையையும் தூசி என்று துடைத்துவிடும்!

டிஜிட்டல் கேமரா ஏற்கெனவே இருந்தால் ஒரு மேக்ரோ லென்ஸும், எல்இடி விளக்குப் பலகையும், ஸ்டாண்டும் போதும். நெகடிவைப் படமெடுத்துக் கம்ப்யூட்டரில் திருப்பிக்கொள்ளலாம். மொபைலே போதுமே என்பவர்களுக்கு: அச்சிட்ட படத்துக்குச் சரி, நெகடிவுக்கு அது பத்தாது.

எதில் எடுத்தாலும் கோப்பை இரண்டு இடத்தில் வையுங்கள். நெகடிவைத் தூக்கிப் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. ஸ்கேன் செய்த படத்தை வீட்டில் மூத்தவர் யார் இருக்கிறாரோ அவரிடம் காட்டி, யார் யார் என்று பெயரெழுதி வாங்குங்கள். கேமரா அடுத்த தீபாவளிக்கும் கடையில் இருக்கும். 1960ல் எடுத்த படத்தில் இடதுபக்கம் நிற்பவர் யார் என்று சொல்லும் பாட்டி இருப்பாரா?