பட்டாவில் யார் பெயர் இருக்கிறது?



நாங்கள் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை வட்டங்களில் பயிர் வைப்பவர்கள், குத்தகைக்கு உழுபவர்கள், நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் சிப்காட் கம்பெனிகளில் ஒப்பந்தக் கூலிகள். உங்களிடம் கேட்பது ஒன்றுதான்: வருகிற ஜமாபந்திக்குள் உங்கள் பட்டாவை எடுத்து, அதில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

நிலம் எங்கே ஓடிவிடப் போகிறது என்பீர்கள். இந்தப் பக்கத்தில் ஓடத்தான் செய்கிறது. சிப்காட், தச்சூர்–சித்தூர் ஆறுவழிச் சாலை, கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம் என்று அளவுக்கல் வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு முன்பே தரகர் வந்துவிடுவார், முன்பணத்தோடும் பவர் பத்திரத்தோடும்.

2018-19இல் மத்திய அரசு எடுத்த கணக்குப்படி, இந்திய உழவர் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியும் சம்பளமும் 4,063; பயிரில் மிஞ்சியது 3,798. ஆனால் கிராமத்துக் குடும்பங்களின் சொத்து மதிப்பில் 69 விழுக்காடு நிலம்தான். அடுப்பு எரிவது கூலியில், சொத்தில் பெரும்பங்கு மண்ணில். தமிழ்நாட்டில் ஒரு சாகுபடியாளர் கையிலுள்ள நிலத்தின் சராசரியோ 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கர்கூட இல்லை. அதுவும் செத்துப்போன தாத்தா பெயரில் கிடந்தால் பயிர்க்கடனுக்கும் அலைச்சல், ஆண்டுக்கு 6,000 ரூபாய் பிஎம் கிசானுக்கும் அலைச்சல். நில எடுப்பு நோட்டீஸ் வந்தால் பணம் பங்காளிச் சண்டையில் சிக்கி நீதிமன்றத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

கூட்டுப் பட்டா என்றால் உட்பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். யூடிஆர் என்ற நிலப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் விழுந்த பிழை இருந்தால் பழைய பத்திரத்தோடு மனு கொடுங்கள். அண்ணன் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை: தங்கைகளிடம் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரிசுப் பட்டியலை முடித்துவிடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டு என்று தமிழ்நாடு 1989இலேயே சட்டம் போட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. சீர் செய்தாயிற்று என்பது சட்டத்தின் முன் பதிலாகாது.

நிலமே இல்லாதவர்கள் இது நமக்கில்லை என்று எண்ண வேண்டாம். தேர்வாய்கண்டிகையில் சிப்காட்டுக்குப் போன ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் மேய்க்கால் புறம்போக்கு. அதை நம்பி ஆடுமாடு வளர்த்தவர்கள் தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடினார்கள். கையில் பட்டா இல்லாதவன் தன் இழப்பை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர்களைக் கேட்டால் சொல்வார்கள். வாய்ப்பேச்சில் குத்தகை உழுபவர்களுக்கும் அதே கதிதான். அவர்கள் பெயரைப் பதிய 1969இலேயே சட்டம் இருக்கிறது. நிலக்காரர் பயப்படுவார், தெரியும். நிலமே கைவிட்டுப் போகும் என்ற பயம் அது. பதிவு செய்ய முடியாவிட்டாலும் குத்தகைப் பணத்துக்கு ரசீதாவது கேட்டு வாங்குங்கள். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், மூன்று ஆண்டுகளாக அந்த நிலத்தையே பிழைப்பாகக் கொண்ட குத்தகைதாரரையும் கூலியாட்களையும் பாதிக்கப்பட்ட குடும்பமாகக் கணக்கில் எடுக்கிறது. அதற்குச் சான்று வேண்டுமல்லவா?

இன்னொன்று. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையால் ஒடுக்கப்பட்டோருக்குக் கிடைத்தது பஞ்சமி நிலம். நம் திருவள்ளூர் மாவட்டம் அன்று செங்கல்பட்டு மாவட்டத்துக்குள்தான் இருந்தது. அந்த நிலம் பிறருக்குக் கைமாறக் கூடாது. மலிவாக மனை கிடைக்கிறதே என்று முன்பணம் கொடுக்கும் முன் கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டைப் பாருங்கள். வாங்கிவிட்டுப் பிறகு எங்களிடம் வந்து அழுவதில் பயனில்லை.

ஜமாபந்தி நாளில் தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதித் தர நாங்கள் இருப்போம். காசு வேண்டாம். பட்டா நகல், வில்லங்கச் சான்று, பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார் இவற்றில் இருப்பதைக் கொண்டு வாருங்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்து வாருங்கள்.