மரப்பெட்டி செய்த குற்றம் என்ன?

சுட்டீஸ்... ஸ்பெயின் நாட்டின் ஃபிளமெங்கோ இசையைக் கேட்டதுண்டா? கிடார், பாட்டு, கைத்தட்டல், தரை அதிர ஆட்டம்... அமர்க்களமாக இருக்கும்!

அதில் கிடார் கில்லாடி, பாகோ டி லூசியா (1947-2014). 1970களின் கடைசியில் பெரு நாட்டுக்குப் போனவர், அங்கே 'கஹோன்' என்ற மரப்பெட்டியைப் பார்த்தார். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வம்சாவளியினர், அதன்மேல் உட்கார்ந்து கையால் தட்டி வாசிப்பர். பாகோவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். ஜாஸ் கலைஞர்களோடும் வாசித்தார். 'நம் இசையைக் கெடுக்கிறாரே' என்று பழமை விரும்பிகள் முகம் சுளித்தனர்.

எனக்கென்னவோ அந்தக் கோபம் தப்பென்றே படுகிறது. சின்ன வயதிலேயே அப்பா மணிக்கணக்கில் பயிற்சி தந்ததால், பழைய ஃபிளமெங்கோ அவருக்குத் தலைகீழாகத் தெரியும். தெரிந்தவர் சேர்ப்பதும், தெரியாதவர் கலப்பதும் ஒன்றா?

இன்று ஃபிளமெங்கோ மேடைகளில் கஹோன் சர்வசாதாரணம். அது ஸ்பெயின் வாத்தியம் என்றே பலர் நினைக்கிறார்கள்!