‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்றது பாட்டில்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2010ஆம் ஆண்டு, முடியை நேராக்கும் வேலை செய்த சலூன் பெண்கள் சிலருக்குக் கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது, மூச்சு முட்டியது. அவர்கள் கையாண்ட ‘பிரேசிலியன் ப்ளோஅவுட்’ பாட்டிலில் ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று அச்சிட்டிருந்தார்கள். ஆய்வகத்துக்குப் போன மாதிரிகளில் சராசரியாக 8 விழுக்காட்டுக்கும் மேல் ஃபார்மால்டிஹைடு இருந்தது. அந்நாட்டுத் தொழிலாளர் பாதுகாப்பு விதிப்படி 0.1 விழுக்காட்டைத் தாண்டினாலே பணியாளருக்குத் தெரிவித்தாக வேண்டும்.

நிறுவனத்தின் வாதம் வேதியியலைப் பிடித்துக்கொண்டு நின்றது. ஃபார்மால்டிஹைடு தண்ணீரில் கரையும்போது மெத்திலீன் கிளைக்கால் ஆகிவிடுகிறது; ஆகவே பாட்டிலில் இருப்பது வேறு பொருள் என்றார்கள். ஆனால் முடியில் தடவியபின் சூடான இரும்பை வைத்து இழுக்கிறார்களே, அந்தச் சூட்டில் அது மறுபடியும் ஃபார்மால்டிஹைடு வாயுவாகக் கிளம்புகிறது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் முதல் பிரிவில் சேர்த்த வாயு அது. வாடிக்கையாளர் சில மாதங்களுக்கு ஒருமுறை அதைச் சுவாசிக்கிறார். நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர் தினமும் சுவாசிக்கிறார்.

2012இல் கலிஃபோர்னியா அரசு தொடுத்த வழக்கில் அந்த நிறுவனம் 6 லட்சம் டாலர் கட்டவும், பொய் விளம்பரத்தை நிறுத்தி எச்சரிக்கை வாசகம் அச்சிடவும் ஒப்புக்கொண்டது. பொருள் விற்பனையில் தொடர்ந்தது. எச்சரிக்கை லேபிள் என்ற சட்டக் கருவியைப் பற்றி நாம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். அந்த எழுத்து யாரை நோக்கி எழுதப்படுகிறது? படித்துப் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கும் வாய்ப்பு உள்ளவர் வாங்குபவர் மட்டுமே. சம்பளத்துக்கு வேலை செய்யும் பெண்ணுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

அதற்காக லேபிளே வீண் என்று சொல்ல மாட்டேன். 1979இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் தலைச்சாயங்களில் கலந்த 4-எம்எம்பிடி என்ற சேர்மத்துக்குப் புற்றுநோய் எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்று விதி போட்டது. கம்பெனிகள் விதியை எதிர்த்துப் போராடின; ஆனாலும் டப்பாவில் ‘புற்றுநோய்’ என்ற சொல்லோடு கடைக்கு வர அவற்றுக்குத் துணிவில்லை. கலவையிலிருந்து அந்தச் சேர்மத்தையே எடுத்துவிட்டன. லேபிளின் உண்மையான பலம் இங்கே தெரிகிறது: வாங்குபவர் படிப்பதற்கு முன்பே உற்பத்தியாளரின் கையைத் தடுக்கிறது. அதன் ஓட்டையும் கூடவே தெரிகிறது. எடுத்த இடத்தில் வந்து உட்கார்ந்தது 4-ஈஎம்பிடி என்ற நெருங்கிய உறவுச் சேர்மம். அதுவும் மரபணுவில் மாற்றம் விளைவிக்கக்கூடியது என்று 1980இலேயே ஆய்வு வெளிவந்தது.

விதி எல்லோர் மீதும் ஒரே நாளில் விழ வேண்டும் என்பதற்கும் அமெரிக்காவிலேயே சான்று உண்டு. சிகாகோவின் ஜான்சன் ப்ராடக்ட்ஸ், கறுப்பின மக்கள் தம் உழைப்பில் வளர்த்த நிறுவனம். முடியை நேராக்க அது விற்ற ரிலாக்ஸரில் காஸ்டிக் சோடா இருப்பதால் எச்சரிக்கை அச்சிட வேண்டுமென்று 1975இல் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஒப்புக்கொள்ள வைத்தது. அதே காஸ்டிக் சோடாவை வைத்து விற்ற பெரிய போட்டியாளர் ரெவ்லானுக்கு அந்தக் கட்டாயம் வந்து சேர ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. எச்சரிக்கை இல்லாத டப்பா பாதுகாப்பானது என்றுதானே வாங்குபவர் நினைப்பார்? ஜான்சன் சந்தையை இழந்தது. அதை வாங்கிய பெண்களின் தலைத்தோலும் பாதுகாப்புப் பெறவில்லை.

இந்தப் பொருள்களின் சுமை யார் தலையில் அதிகம் என்பது 2022 அக்டோபரில் வெளியான ‘சிஸ்டர் ஸ்டடி’ முடிவுகளில் தெரிந்தது. 33,497 பெண்களை ஏறத்தாழ 11 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு அது. நேராக்கும் பொருள்களையே தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 விழுக்காடு. பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் கறுப்பினப் பெண்கள். இது தொடர்பைக் காட்டும் கணக்கு, காரணத்தை நிறுவும் தீர்ப்பு அல்ல. ஆனாலும் சுருள்முடியோடு போனால் வேலை கிடைக்காது என்று ஒரு சமூகம் பெண்களை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கும்போது, ‘எச்சரித்தோம், அவர்தான் விரும்பி வாங்கினார்’ என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

ஃபார்மால்டிஹைடு போன்றவற்றுக்கு லேபிள் போதாது, தடைதான் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் அழகுசாதனங்களில் அதைத் தடை செய்துவிட்டது. கலிஃபோர்னியா 2020இல் இயற்றிய சட்டம் 24 பொருள்களை விலக்கி, 2025 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. மெத்திலீன் கிளைக்காலும் பெயர் சொல்லி அந்தப் பட்டியலில் இருக்கிறது, பழைய வாதம் இனி எடுபடாது. கூட்டாட்சி அரசோ 2023இல் தடைக்கான திட்டத்தை அறிவித்து, 2024 ஏப்ரல் என்று தேதி குறித்து, அதைத் தள்ளிப்போட்டது.

தடைக்குப் பிறகும் கவனிக்க வேண்டியது, பழையதன் இடத்தில் என்ன வருகிறது என்பது. ஃபார்மால்டிஹைடு இல்லாத ‘பாதுகாப்பான’ கிரீம்கள் பலவற்றில் இப்போது கிளையாக்ஸிலிக் அமிலம். அத்தகைய கிரீம் போட்டுக்கொண்ட ஓர் இளம்பெண்ணின் சிறுநீரகம் மீண்டும் மீண்டும் பாதிக்கப்பட்டதை 2024இல் ‘நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்’ வெளியிட்டது. ‘இது இல்லை’ என்று பெரிய எழுத்தில் சொல்ல அனுமதிக்கும் சட்டம், என்ன இருக்கிறது என்பதையும் அதே பெரிய எழுத்தில் சொல்ல வைக்க வேண்டும்.

நம் ஊர் பார்லர்களிலும் கெரட்டின், ஸ்மூத்தனிங் என்ற பெயர்களில் இதே வேலை நடக்கிறது. தலைச்சாயத்தில் பிபிடி என்ற சேர்மம் இருந்தால் தோல் சோதனை செய்யச் சொல்லியும் இமைமுடி, புருவத்தில் பூசக் கூடாதென்றும் உள்ளூர் மொழியிலும் அச்சிட வேண்டுமென்பது இந்திய விதி. கடையில் பாக்கெட் வாங்குபவர் தேடினால் அதைப் படிக்கலாம். பார்லரில் பெரிய பாட்டிலிலிருந்து கிண்ணத்தில் ஊற்றித்தான் கொண்டுவருகிறார்கள்; உட்கார்ந்திருப்பவர் பாட்டிலைப் பார்ப்பதே இல்லை. தொழில்முறைப் பொருள்களிலும் சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும் என்று கலிஃபோர்னியா 2018இல் தனிச் சட்டம் செய்தது. இங்கே ஒரு படி மேலே போய், அந்தப் பட்டியலைத் தமிழில் பார்லர் சுவரில் ஒட்டவும், சூடு வைக்கும் அறையில் புகை வெளியேறும் விசிறி பொருத்தவும் உரிமம் தரும்போதே நிபந்தனை போடலாம். அதற்குப் புதிய ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை.