கோமாரி ஊசி இலவசம்தான்... ஆனா நோயைச் சொன்னா நஷ்டம் யாருக்கு?

கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் மூன்று கறவை மாடு வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் பால் கறக்கப் போகும்போது ஒரு மாட்டின் வாயிலிருந்து எச்சில் கயிறு மாதிரி ஒழுகுகிறது. தீவனத்தைத் தொடவே இல்லை. முன்னங்காலை ஊன்ற முடியாமல் தூக்கித் தூக்கி வைக்கிறது. மாடு வளர்த்தவர்களுக்கு இதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிடும்: கோமாரி.

வீட்டுக்காரரின் போனில் இரண்டு நம்பர் இருக்கும். ஒன்று, கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962. இன்னொன்று, மாட்டுத் தரகருடைய நம்பர். முதல் நம்பருக்கு அடித்தால் டாக்டர் வருவார், ஊருக்கே விஷயம் தெரியும். அதன்பிறகு கொஞ்ச நாளைக்கு அந்த வீட்டு மாட்டை யாரும் வாங்க மாட்டார்கள். இரண்டாவது நம்பருக்கு அடித்தால், இன்னும் நோய் தெரியாத மற்ற இரண்டு மாடுகளையாவது குறைந்த விலைக்குத் தள்ளிவிட்டு கையில் காசு பார்க்கலாம்.

எந்த நம்பரை அவர் முதலில் அழைப்பார்? இந்தியா கோமாரியை ஒழிக்குமா, மாட்டுக்கு நியாயமான விலை கிடைக்குமா என்ற இரண்டு பெரிய கேள்விகளும் இந்த ஒரு சின்னக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டு நிற்கின்றன.

கோமாரி என்னதான் செய்யும்?

கோமாரி ஒரு வைரஸ் நோய். குளம்பு பிளந்த கால்நடைகளை, அதாவது மாடு, எருமை, ஆடு, பன்றி எல்லாவற்றையும் தாக்கும். மனிதர்களுக்கு இதனால் பெரிய ஆபத்து கிடையாது. எச்சில், பால், சாணம், வண்டிச் சக்கரம், ஆட்களின் செருப்பு, காற்று என எந்த வழியிலும் பரவும்.

வளர்ந்த மாடு இதில் சாவது குறைவு. பால் குடிக்கும் கன்றுகளைத்தான் இதயத்தைத் தாக்கிக் கொல்லும். ஆனால் பிழைத்த மாட்டின் நிலைமையும் சுகமில்லை. பால் விழுந்துவிடும், சினை பிடிப்பது தள்ளிப்போகும், வெயிலில் நின்றால் மூச்சிரைக்கும். மாடு கட்டுத்தறியில் உயிரோடுதான் நிற்கும், ஆனால் அதன் விலை சரிந்திருக்கும். கால்நடைக் காப்பீடு பெரும்பாலும் மாடு இறந்தால்தான் பணம் தரும் என்பதால், இந்த விலைச் சரிவு எந்த பாலிசியிலும் அடங்காது.

இன்னொரு முக்கியமான விஷயம்: அறிகுறி தெரிவதற்கு முன்பே மாடு வைரஸை வெளியேற்றத் தொடங்கிவிடும். சந்தையில் பளபளவென்று நிற்கிற மாடுகூட நோயைச் சுமந்துகொண்டு நிற்கலாம்.

ஊசிதான் இலவசமாச்சே, அப்புறம் என்ன?

2019-ல் மத்திய அமைச்சரவை தேசிய கால்நடை நோய் கட்டுப்பாட்டுத் திட்டத்துக்கு ரூ.13,343 கோடி ஒதுக்க ஒப்புதல் தந்தது. கோமாரியையும், கன்று வீச்சு நோய் எனப்படும் புருசெல்லோசிஸையும் 2025-க்குள் கட்டுக்குள் கொண்டுவருவது, 2030-க்குள் ஒழிப்பது என்பது இலக்கு. கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஊசி. செலவு முழுவதும் மத்திய அரசுடையது. ஊசி போட்ட மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டப்படும். மாட்டுக்கு ஆதார் மாதிரி.

ஊசி நல்ல ஊசிதான். இந்தியாவில் சுற்றும் ஓ, ஏ, ஏசியா-1 என்ற மூன்று வகை வைரஸுக்கும் சேர்த்தே போடப்படுகிறது. சிக்கல் அதைப் போடுவதில் இருக்கிறது. முகாமுக்கு மாட்டை ஓட்டிவர ஆள் வேண்டும். ஊசி போட்டால் ஓரிரு நாள் பால் குறையும் என்ற கவலையும், சினை கலைந்துவிடும் என்ற பயமும் உண்டு. மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரிலேயே கடைசி வீடு வரை கொண்டுபோக வேண்டும். கன்றுக்கு முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இன்னொன்று போடவில்லை என்றால் பாதுகாப்பு அரைகுறைதான்.

இதையெல்லாம் சரிசெய்தால்கூட ஒரு ஓட்டை அடைபடாமல் இருக்கிறது. அது சந்தை.

மாட்டு விலை எப்படி முடிவாகுது?

தமிழ்நாட்டில் கறிக்காகவே மாடு வளர்ப்பவர்கள் அரிது. பால்தான் தொழில். பால் வற்றிய மாடும், ஏருக்கும் வண்டிக்கும் வேலை இல்லாத காளையும் கடைசியில் விலைக்குப் போகும். அந்தக் கடைசி விலையில்தான் அடுத்த கிடாரி வாங்கப்படுகிறது. ‘அடிமாட்டு விலை’ என்று நாம் சாதாரணமாகச் சொல்லும் அந்தத் தொகை, ஒரு சிறு விவசாயிக்கு மறுமுதலீடு.

அந்த விலையைத் தீர்மானிப்பது கண் மதிப்பு. மணப்பாறை, பொள்ளாச்சி போன்ற சந்தைகளில் துண்டுக்குள் கைவிட்டு, விரலைப் பிடித்து விலை பேசும் வழக்கத்தைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பார்கள். பார்க்க சுவாரஸ்யமாக இருக்கும். ஆனால் பக்கத்தில் நிற்கிறவருக்குக்கூட என்ன விலைக்குப் போச்சு என்று தெரியாது.

கணக்குக்காக ஒரு உதாரணம். 300 கிலோ காளையைத் தரகர் ‘260 தேறும்’ என்கிறார். உயிர் எடை கிலோவுக்கு ரூ.120 என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு வார்த்தையில் ரூ.4,800 காணாமல் போகிறது. எடைமேடை இருந்தால் இது நடக்காது.

முட்டைக்கு நாமக்கல் விலை தினமும் வருகிறது. கறிக்கோழிக்குப் பல்லடம் பண்ணை விலை வருகிறது. காலை எழுந்ததும் போனில் பார்த்துவிடலாம். மாடு விற்கிறவர் நம்பிப் பார்க்க அப்படி ஒரு தினசரி விலை இல்லை. அதனால்தான் ‘பக்கத்து ஊர்ல கோமாரியாம்’ என்ற ஒரு வதந்தி போதும், சந்தையில் விலை இறங்கிவிடும்.

சட்டமும் விலையைத் தொடுகிறது. தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டம், 1958-ன்படி 10 வயதைத் தாண்டிய, வேலைக்கோ இனவிருத்திக்கோ உதவாத மாட்டுக்கே அறுக்கச் சான்றிதழ் கிடைக்கும். பசு, கிடாரி அறுப்புக்கு 1976 அரசாணை தடை விதித்தது. அதனால் வற்றிய மாட்டுக்குக் கேரளா வியாபாரிகள்தான் பெரிய நம்பிக்கை. 2017 மே மாதம் சந்தைகளில் இறைச்சிக்காக மாடு விற்க மத்திய அரசு தடை விதித்தபோது, ஒரே வாரத்தில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை நிறுத்திவைத்தது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையுத்தரவை நாடு முழுவதற்கும் நீட்டித்தது.

இறைச்சி ஆலை விலைக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் என்ன சம்பந்தம்?

நேரடியாக இல்லை. மாட்டினத்தில் இந்தியா ஏற்றுமதி செய்வது எருமை இறைச்சி மட்டுமே. பசு, காளை, கன்று இறைச்சி ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது. பெரிய ஆலைகள் உத்தரப் பிரதேசம் போன்ற எருமை நிறைந்த மாநிலங்களில் இருக்கின்றன. 2019 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மாடுகள் சுமார் 95 லட்சம். எருமைகள் சுமார் 5 லட்சம்தான்.

ஆனால் கோமாரி என்ன விலை வாங்குகிறது என்பதை அந்த ஆலைகளின் கணக்கு காட்டுகிறது. 2023-24-ல் இந்தியா ஏறக்குறைய 12.96 லட்சம் டன் எருமை இறைச்சியை ரூ.31,010 கோடிக்கு விற்றது. வகுத்துப் பார்த்தால் எலும்பில்லாத இறைச்சி கிலோவுக்குச் சுமார் ரூ.239. வியட்நாம், மலேசியா, எகிப்து, ஈராக் போன்ற நாடுகள் வாங்குகின்றன. அதிக விலை தரும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் கதவுகள் மூடியே இருக்கின்றன. முக்கியக் காரணம் கோமாரி.

எலும்பை நீக்குவதற்கும் அதே நோய்தான் காரணம். அறுத்த பின் இறைச்சியைக் குளிரில் வைத்தால் தசையில் அமிலம் கூடும், வைரஸ் செத்துவிடும். எலும்பு மஜ்ஜையிலும் நிணநீர்க் கட்டிகளிலும் அது பிழைத்திருக்கும். அதனால் இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் அனுப்ப முடியும்.

பிரேசிலைப் பாருங்கள். அங்கே கடைசியாகக் கோமாரி வந்தது 2006-ல். ஊசியே போடாமல் நோயில்லாத நாடு என்ற அங்கீகாரம் 2025 மே மாதம்தான் உலக விலங்கு நல அமைப்பிடமிருந்து கிடைத்தது. கிட்டத்தட்ட 20 வருட உழைப்பு.

இந்தியாவிலும் கோமாரி இல்லா மண்டலங்களை உருவாக்கப் போவதாக 2024-ல் மத்திய அரசு சொன்ன மாநிலங்களின் பட்டியலில் தமிழ்நாடு இருக்கிறது. நல்ல செய்திதான். ஆனால் மண்டலம் என்றால் உள்ளே வருகிற, போகிற ஒவ்வொரு மாட்டுக்கும் கணக்கு வேண்டும். ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து வரும் மாடும், கேரளாவுக்குப் போகும் மாடும் இங்கே சந்தை சந்தையாகத்தான் நகர்கின்றன.

நோயைச் சொன்னவருக்கே தண்டனை

நோய் பரவினால் அரசு என்ன செய்யும்? 2009-ல் வந்த கால்நடைத் தொற்றுநோய் தடுப்புச் சட்டம் சந்தையை மூடவும், மாடு நடமாட்டத்தைத் தடுக்கவும், ஊசியைக் கட்டாயமாக்கவும் அதிகாரம் தருகிறது. 2013-ல் தென்மாநிலங்களில் கோமாரி பரவி, டெல்டா மாவட்டங்கள்வரை அடிவாங்கியபோது பல இடங்களில் மாட்டுச் சந்தைகள் மூடப்பட்டன. மருத்துவ ரீதியில் அது சரியான முடிவு.

ஆனால் மூடிய நாட்களின் நஷ்டத்தை யார் ஏற்பது? பறவைக் காய்ச்சலில் அழிக்கப்படும் கோழிக்கு இழப்பீடு உண்டு. சந்தை மூடியதால் விற்க முடியாமல் தீவனம் தின்றுகொண்டு நிற்கும் மாட்டுக்கு அப்படி ஒன்று இல்லை. பள்ளிக் கட்டணத்துக்காக விற்க வைத்திருந்த மாடாக இருந்தாலும் அதே நிலைதான். நோயைச் சொன்னவர் இழக்கிறார். மறைத்து விற்றவர் தப்பிக்கிறார். மறைத்து விற்ற மாட்டோடு வைரஸும் லாரி ஏறி அடுத்த சந்தைக்குப் போகிறது.

2025 ஜனவரியில் ஜெர்மனியில், 1988-க்குப் பிறகு முதல் முறையாக, பெர்லின் அருகே ஒரு எருமைப் பண்ணையில் கோமாரி வந்தது. மந்தையை அழித்தார்கள், பல நாடுகள் இறக்குமதியை நிறுத்தின. ஆனால் அங்கே நோயால் அழிக்கப்படும் மாட்டுக்கு இழப்பீடு தர, அரசும் கால்நடை வளர்ப்போரும் சேர்ந்து பணம் போடும் நிதி ஏற்கெனவே இருக்கிறது. நோயைச் சொல்ல அங்குள்ள விவசாயிக்குத் தியாக மனப்பான்மை தேவையில்லை.

என்ன செய்யலாம்?

ஒன்று, சந்தை வாசலில் காது வில்லையை ஸ்கேன் செய்ய வேண்டும். ஊசி போட்டு மூன்று வாரம் ஆன, ஆறு மாதம் தாண்டாத மாடு உள்ளே வரலாம். வில்லை இல்லை என்று துரத்தினால் வியாபாரம் சாலையோரத்துக்குப் போய்விடும் என்ற எச்சரிக்கை நியாயமானது. அதனால் தொடக்கத்தில் வாசலிலேயே வில்லை மாட்டி, ஊசியும் போட்டு, சில வாரம் கழித்து வரச் சொல்லும் ஏற்பாடு வேண்டும்.

இரண்டு, சந்தைக்கு ஒரு எடைமேடையும் அன்றாட விலைப் பலகையும். ஊசி போட்ட மாடு, போடாத மாடு என்று இரண்டு வரிசையாக விலை எழுதினால் போதும். ஊசியால் எவ்வளவு காசு கூடுது என்று தெரிந்தால், முகாமுக்கு மாட்டை ஓட்டிவர யாரும் கெஞ்ச வேண்டியதில்லை.

மூன்று, நோயை முதலில் சொல்பவருக்கு இழப்பீடு. கன்று செத்தாலும், பால் விழுந்தாலும், சந்தை மூடிய நாட்களுக்கும் ஒரு தொகை. பொய்க் கணக்கு வரும் என்பார்கள். ரத்தப் பரிசோதனையும் 12 இலக்க எண்ணும் அதைக் கண்டுபிடிக்கத்தானே இருக்கின்றன?

முடியாத காரியம் இல்லை. வெக்கை நோய் என்று தாத்தா பாட்டிகள் பயந்த மாட்டுக் கொள்ளைநோய் இந்தியாவில் கடைசியாக 1995-ல் வேலூர் பகுதியில்தான் பதிவானது. 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்தது. அந்த நோய்க்கு ஒரு ஊசி ஆயுளுக்கும் தாங்கியது. கோமாரி ஊசிக்கு ஆறு மாதம்தான் ஆயுள். அதனால் வருடத்துக்கு இரண்டு முறை விவசாயியின் ஒத்துழைப்பு வேண்டும்.

அந்த ஒத்துழைப்பைப் போஸ்டர் ஒட்டி வாங்க முடியாது. ஸ்ரீமுஷ்ணத்து விவசாயி தரகருக்கு முன்னால் 1962-ஐ அழைக்க வேண்டுமென்றால், அந்த போன் காலால் அவருக்கு நஷ்டம் வரக் கூடாது.