ஏடில்லாக் கடை

தாம்பரத்தாரிடம் ‘சி.எசு.டி.’ என்று சொன்னால் 2017ஆம் ஆண்டுக்கு முன்னர் அவர் மனத்தில் தோன்றியது ஒரு சாலையே. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர் ஆகிய ஊர்களை ஊடறுத்துத் தெற்கே செல்லும் பெருந்தெற்கு நெடுஞ்சாலையின் ஆங்கிலப் பெயர்ச்சுருக்கம் அது. அச்சாலையின் இருமருங்கிலுந்தான் நம் புறநகர்த் தமிழ் வணிகரின் வாழ்வு தளைத்து நிற்கின்றது. அவ்வாண்டு சூலை முதல் நாளிலிருந்து அதே மூன்றெழுத்து ஒரு வரிக்கும் பெயராயிற்று. சரக்குக்கும் பணிக்கும் பொதுவாய் வந்த அவ்வரியின் பெயர் கேட்டாலே நடுங்கும் சிறுவணிகர் பலரை நாம் அறிவோம். அவர்தம் கடைக்குள் சென்று பார்த்தால் நடுக்கத்தின் கரணியம் விளங்கிவிடும். அங்கே சரக்கு உண்டு, உழைப்பு உண்டு, நாணயம் உண்டு, விற்றதை எழுதி வைத்த ஏடு மட்டும் இல்லை.

மேற்குத் தாம்பரத்தில் சண்முகம் சாலையை ஒட்டிய சந்தொன்றில் நமக்குப் பழக்கமான ஏனக்கடைக்காரர் ஒருவர் உளர். முப்பது ஆண்டுப் பட்டறிவு அவர்க்கு. ஒரு குடத்தைச் சுண்டிப் பார்த்தே அதன் எடை சொல்லுவார். “கணக்கு எங்கே ஐயா?” என்றால் தம் நெற்றியைத் தட்டிக் காட்டுவார். மாலையில் பணப்பெட்டியில் எஞ்சியிருப்பதே அவர் கணக்கு. வீட்டுக்கு அரிசி வாங்கியதும் அப்பெட்டியிலிருந்துதான். மகளின் கல்லூரிக் கட்டணமும், கொள்முதலுக்குக் கொடுத்த முன்பணமும் அதிலிருந்துதான். அண்மையில் கடையை விரிவாக்க எண்ணி ஒரு வங்கியை நாடினார். ஈராண்டு விற்பனைக் கணக்கைக் கேட்டனர். நெற்றியையா கழற்றிக் கொடுக்க முடியும்? வெறுங்கையோடு திரும்பியவர், நாள்தோறும் வந்து தண்டும் வட்டிக்காரரிடம் கடன்பட்டார். அக்கடனுக்கு மட்டும் ஓர் அட்டை உண்டு. அதில் ஒவ்வொரு நாளும் தவறாமல் எழுதப்படுகின்றது. கடன் கொடுத்தவன் எழுதுகின்றான், உழைக்கின்றவன் எழுதவில்லை.

கருநாடகத்தில் 2025ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நடந்ததை இங்கு நினைவூட்டுதல் தகும். கைப்பேசி வழியாகச் சிறுகடைக்காரர்க்கு வந்த பணத்தின் கூட்டுத்தொகையை எடுத்துக்கொண்டு, அம்மாநில வணிகவரித் துறை ஆயிரக்கணக்கானோர்க்கு அறிவிப்பு மடல் விடுத்தது. ஆவேரி ஊரில் காய்கறி விற்பவர் ஒருவர்க்கு, நான்காண்டில் 1.63 கோடி உருபா வந்திருப்பதாகக் காட்டி 29 இலக்கம் உருபா வரி கேட்கப்பட்டது. பச்சைக் காய்கறிக்கு இவ்வரியே இல்லை! பெங்களூர்த் தெருக்களில் பணம் பெறும் கட்டக்குறி அட்டைகளைக் கடைக்காரர் கழற்றி எறிந்து, ‘காசு மட்டும்’ என்று எழுதி வைத்தனர். கடையடைப்புக்கும் நாள் குறித்தனர். இறுதியில் அம்மாநில முதலமைச்சர் வணிகரை அழைத்துப் பேசி, பழைய நிலுவையைத் தண்டுவதில்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று.

அங்கே ஓர் அரசு இரங்கிற்று. எல்லாக் காலத்தும் எல்லா அரசும் இரங்கும் என்று எண்ணிக் கடை நடத்த இயலுமா? வங்கிக் கணக்கில் வந்து விழும் உருபாவின் மேல், அது வெண்டைக்காய் விற்றதா வெள்ளித்தட்டு விற்றதா என்று எழுதியிருப்பதில்லை. தங்கை அனுப்பிய கைம்மாற்று, ஏலச்சீட்டுப் பணம், ‘காசு கொடுங்கள், கைப்பேசியில் அனுப்பி விடுகின்றேன்’ என்று பக்கத்து வீட்டார் மாற்றிக்கொண்ட ஐந்நூறு ஆகியவை எல்லாம் அலுவலர் பார்வையில் விற்பனையே. இல்லை என்று மறுக்க வணிகர்க்கு வாய் மட்டும் போதாது. அன்றன்று எழுதிய விற்பனை ஏடு ஒன்றுதான் அவர்க்காகப் பேசும் சான்று. கட்டக்குறி அட்டையைக் கழற்றிவிடுவது கண்ணை மூடிக்கொள்வது போன்றது. அதுவரை வந்த பணத்தின் பதிவு வங்கியில் அப்படியே கிடக்கின்றது.

இனி வரம்பைப் பார்ப்போம். தமிழ்நாட்டுக்குள் சரக்கு மட்டும் விற்போர், ஆண்டு விற்றுமுதல் 40 இலக்கத்தைத் தாண்டினால் பதிவு செய்துகொள்ள வேண்டும். உணவகம், பழுதுபார்ப்பு முதலிய பணிகள் செய்வோர்க்கு வரம்பு 20 இலக்கமே. பெருந்தொகை என்று தோன்றும் இவற்றை 365ஆல் வகுத்துப் பாருங்கள். முதலாமவர்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,960 உருபா. இரண்டாமவர்க்கு 5,480 உருபா. தாம்பரம் தொடர்வண்டி நிலையத்தின் வாயிலில் காலை முதல் இரவு வரை இட்டலியும் தேநீரும் விற்கும் கடை இவ்வரம்பைத் தாண்டியிருக்குமா, இல்லையா? அக்கடைக்காரர்க்கே தெரியாது என்பதுதான் கேடு. எழுதாதவன் வரம்புக்கு உள்ளே இருக்கின்றேன் என்று மெய்ப்பிக்கவும் முடியாது. வெளியே சென்றதை உணரவும் முடியாது.

வருமான வரியிலும் இதே கதைதான். இரண்டு கோடிக்கு உட்பட்ட விற்றுமுதல் உடைய சிறுவணிகர், விற்றுமுதலில் 8 விழுக்காட்டை (வங்கி வழியாகவும் மின்னணு வழியாகவும் வந்த தொகையாயின் 6 விழுக்காட்டை) ஊதியமாகக் காட்டி வரி கட்டலாம். முழுப்பேரேடு வேண்டா என்றொரு சலுகை உண்டு. நம்மவர் இதைக் கேட்டு, ‘ஏடே வேண்டா’ என்று பொருள் செய்துகொண்டனர். எதன் 8 விழுக்காடு? விற்றது எவ்வளவு என்று தெரிந்தால்தானே அதன் எட்டுப் பங்கைக் கூற முடியும்?

நம் இயக்க அன்பர் சிலர் இவ்விடத்தில் ஒரு தடை எழுப்புவர். ‘இது தில்லியின் வரி. மாநிலத்தின் உரிமையைப் பறித்து வந்த வரி. இதற்கு நாம் ஏன் கணக்கெழுத வேண்டும்?’ என்பர். உரிமை பறிபோனது உண்மையே. இந்தியாவிலேயே முதன்முதலாகப் பொது விற்பனை வரி போட்டது சென்னை மாகாணந்தான். 1939இல் இராசாசி ஆட்சியில் அது வந்தது. அன்று முதல் விற்பனை வரியின் அளவைத் தீர்மானித்த உரிமை சென்னைக்கு இருந்தது. 2016ஆம் ஆண்டின் 101ஆம் அரசியற்சட்டத் திருத்தம் அவ்வுரிமையைப் பொதுமன்றம் ஒன்றின் கையில் ஒப்படைத்துவிட்டது. அதை எதிர்க்க வேண்டும் என்பதில் நமக்கு இருகருத்து இல்லை. ஆயினும், தமிழ்நாட்டுக்குள் நடக்கும் விற்பனைக்குரிய இவ்வரியில் சரிபாதி தமிழ்நாட்டு அரசுக்கே சேர்கின்றது என்பதையும் அன்பர்கள் எண்ண வேண்டும். அதற்கும் மேலாக, ஏடில்லாத கடைக்காரன் தில்லியை எதிர்க்கும் மறவன் அல்லன். தில்லி அலுவலரின் முன் கைகட்டி நிற்கப் போகும் எளியவன். அவனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். மதிப்பீடு முழுவதும் கேட்பவன் கையில்.

கணக்கெழுதுதல் வெள்ளைக்காரன் கற்பித்த வழக்கம் என்று எண்ணுவோரும் உளர். அவர்கள் ஒருமுறை உத்திரமேரூர் சென்று வரட்டும். முதற்பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அவ்வூர்ச் சுவரில் வெட்டிய குடவோலைக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் உறவினரையும் மீண்டும் குடவோலையில் சேர்க்கலாகாது என்று விலக்குகின்றது. சோழர் ஆட்சியில் ‘புரவுவரித் திணைக்களம்’ என்றே ஒரு துறை இருந்தது. ‘வரிப்பொத்தகம்’ என்ற பெயரில் அலுவலர் இருந்தனர். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை, கொள்முதல், கையிருப்பு, நிலுவை ஆகிய சொற்கள் அனைத்தும் நம் முன்னோர் கடையில் வழங்கியவை. இன்றோ வசூல், பாக்கி, ரசீது, நகல், தாக்கல் என்று அரபும் பாரசீகமும் தந்த சொற்களையும், அவற்றின் மேல் ஆங்கிலத்தையும் ஏற்றிக்கொண்டு, ‘தமிழில் கணக்கெழுதச் சொல் இல்லை’ என்கின்றோம். தண்டல், நிலுவை, பற்றுச்சீட்டு, படி, பதிவளிப்பு என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு ஒன்றும் சுளுக்கிக்கொள்ளாது.

எப்படி எழுதுவது? பட்டயக் கணக்கரிடம் போவதற்கு முன் செய்ய வேண்டியது மிகச் சிறிது. பதிவு பெற்ற கடையாயின் ஒவ்வொரு விற்பனைக்கும் தொடர் எண்ணும் நாளும் இட்ட விலைச்சீட்டு வேண்டும். 200 உருபாவுக்குக் குறைந்த சில்லறை விற்பனையில், வாங்குவோர் கேட்காவிடில், தனித்தனிச் சீட்டுத் தேவையில்லை. கடை சாத்தும்போது அன்றைய அத்தகு விற்பனை அனைத்துக்கும் ஒரே சீட்டு எழுதினால் போதும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கடை போடுவோர், பதிவு பெறாதவராயினும், இவ்வழக்கத்தை மேற்கொண்டால் ஒரு சந்தைக்கு ஒரு பக்கம் போதுமே! ஒன்றரைக் கோடி வரை விற்போர் இணக்க முறையில் சேர்ந்து, சரக்கு வணிகராயின் 1 விழுக்காடும் உணவகத்தாராயின் 5 விழுக்காடும் கட்டலாம். ஆனால் அவர்கள் வாங்குவோரிடம் தனியே வரி தண்டக்கூடாது. விற்றுமுதலைக் காட்டும் ஏடு அவர்க்கும் வேண்டும்.

எழுதியதை அழித்தல், சுரண்டல், மேலெழுதல் கூடாது என்பது விதி. தவறாயின் கோடிட்டு, கையொப்பமிட்டு, சரியானதை அடுத்து எழுத வேண்டும். ஆண்டறிக்கைக்குரிய கெடுநாளிலிருந்து 72 திங்கள், அஃதாவது ஆறாண்டு, ஏடுகளைக் காத்து வைக்க வேண்டும். இங்கே ஒரு சொல். இப்போது கடைகளில் வெப்பத்தால் அச்சாகும் வழவழப்புத் தாளில் சீட்டுத் தருகின்றனர். சில திங்களில் எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும் அதை நம்பிக் கொள்முதல் கணக்கை வைத்திருப்பவர், ஆறாண்டுக்குப்பின் வெள்ளைத் தாளைத்தான் காட்ட வேண்டிவரும். படியெடுத்து வையுங்கள். அந்தப் படியும் வேறோர் இடத்தில் இருக்கட்டும். 2015 திசம்பரில் அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் மூழ்கடித்ததை நாம் மறந்துவிடவில்லை. வீடும் கடையும் ஒரே தளத்தில் இருந்தோர்க்கு, ஏடும் சரக்கும் ஒருங்கே நனைந்தால் இழப்பைச் சொல்லவும் சான்றிராது.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் 1956இல் வந்தது. ஆனால் நம் சிறுவணிகன் வரிப்பதிவு அளிக்கும் இணைய வாயில் அவனோடு தமிழில் பேசுவதில்லை. அறிவிப்பு மடலைப் படித்துச் சொல்ல அவன் இன்னொருவனைத் தேடி ஓடுகின்றான். அவ்வோட்டத்துக்கும் கூலி கொடுக்கின்றான். வணிகவரித் துறை தன் மடல் ஒவ்வொன்றையும் தமிழில் விடுத்தல் வேண்டும். மாநகராட்சியாகி விட்ட தாம்பரத்தில் வட்டத்துக்கு ஓர் உதவி மேடை அமைத்துத் தமிழிலேயே விளக்கம் தருதல் வேண்டும். இவை வரும் வரை காத்திருக்கத் தேவையில்லாத ஒன்று நம் கையில் இருக்கின்றது. விலைச்சீட்டில் இருக்க வேண்டியவை எவையெவை என்று வரிசையாய்க் கூறும் விதி, அது ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று கூறவில்லை.

1911 முதல் மறைமலையடிகள் வாழ்ந்த பல்லாவரத்தில், அவர் 1916இல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கிய ஊரிலேயே, இன்று தமிழ் விலைச்சீட்டுத் தரும் கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அன்பர்கள் அருகிலுள்ள அச்சகத்தில் நூறு தாள் கொண்ட சீட்டுப் பொத்தகம் ஒன்றை அடித்துத் தரச் சொல்லுங்கள்: மேலே கடைப்பெயரும், பதிவு உண்டாயின் பதிவெண்ணும்; கீழே தொடர் எண், நாள், பொருள், அளவு, விலை, வரி, கூட்டுத்தொகை. கரித்தாள் வைத்து எழுதினால் முதற்சீட்டு வாங்குவோர்க்கு, படி உங்களுக்கு. ஏனக்கடைக்காரர்க்கு அத்தகைய பொத்தகம் ஒன்றைச் சென்ற கிழமை நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். முதற்சீட்டை எழுதி முடிக்க அவர்க்குக் கால் மணி நேரம் ஆயிற்று. பன்னிரண்டாவது சீட்டை எழுதும்போது, வாங்க வந்தவரோடு பேசிக்கொண்டே எழுதினார்.