கல்லெறி தூரம்

இங்கிலீஷ் பத்திரிகைகளில் வரும் வீடு விற்பனை விளம்பரங்களைப் படித்திருக்கிறீர்களா? படித்தால் குடியிருக்கும் வீட்டின் மேலேயே வெறுப்பு வந்துவிடும். எல்லாம் 'பிரைம் லொகேஷன்'! எல்லாம் ரயிலடியிலிருந்து 'ஸ்டோன்ஸ் த்ரோ', அதாவது கல்லெறி தூரம். எறிகிறவர் பீமசேனனாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் அச்சிட மறந்துவிடுகிறார்கள்!

இந்தப் பாஷையில் கைதேர்ந்தவர்கள் லண்டன் தரகர்கள். 'கோஸி' என்றால், கட்டிலைப் போட்ட பிறகு பீரோவுக்கு இடமில்லை. 'ஃபுல் ஆஃப் கேரக்டர்' என்றால் பழைய வீடு. மழைக்கு முன் கூரையைப் பார்த்துவிடுவது உத்தமம். 1960-களில் அங்கே ராய் புரூக்ஸ் என்ற தரகர் மட்டும் வீட்டின் குறைகளையெல்லாம் ஒளிக்காமல் விளம்பரம் செய்தார். ஜனங்கள் ஓடிவிட்டார்களா? இல்லை, அவருடைய விளம்பரங்களைத் தேடித் தேடிப் படித்தார்கள்! மற்றவர்களுக்காக 1991-ல் பிரிட்டனில் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

சிரித்தாயிற்று. நம் ஊரில் சிரிக்க முடியாத வார்த்தை ஒன்று உண்டு: 'சூப்பர் பில்ட்-அப் ஏரியா'. 'சூப்பர்' என்றதும் மயங்கிவிடாதீர்கள். மாடிப்படி, லிஃப்ட், பொது நடை எல்லாவற்றிலும் உங்கள் தலையில் விழும் பங்கைச் சேர்த்த கணக்கு அது. பாய் விரித்துப் படுக்க உதவுவது 'கார்பெட் ஏரியா'தான். வெளிச்சுவரும் பால்கனியும் அதில் சேரா. புதிதாகக் கட்டி விற்கும் ஃபிளாட்டுகளுக்கு அந்த அளவைத்தான் சொல்ல வேண்டும் என்கிறது 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்றும் அது சொல்கிறது. பொய் விளம்பரத்தை நம்பி ஏமாந்தவர் விலகிக்கொண்டால், கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

"இதெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார்" என்று சமையலறைக்குள் போய்விடாதீர்கள், அம்மா! அந்த முன்பணத்தில் உங்கள் வளையலும் அல்லவா போகிறது?

நம் பாட்டிமார்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. வீடு பார்க்கப் போனால், "சித்திரையில் கிணற்றில் தண்ணீர் நிற்குமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். எந்த அலங்கார வார்த்தையும் அதற்குப் பதிலாகாது. நீங்களும் கேளுங்கள். ரயிலடிக்கு ஒரு தடவை நடந்து பாருங்கள். புறப்படும்போது தையல் பெட்டியிலிருக்கும் இஞ்சு டேப்பை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு வர்ணிக்கத் தெரியாது!